பூனைகளுக்கு ஃபிளைட்டில் இடம் போட்டாச்சு என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வளர்ப்புப் பிராணிகளை வெளிநாட்டுக்கு அனுப்ப எல்லா ஏற்பாடும் செய்து தருகிறோம் என்று விளம்பரம் போடும் ஒரு ஏஜென்ட், என் ஒரு மாதச் சம்பளத்தை முழுசாக விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பெயரைப் போட்டால் கேஸ் போடுவாராம். சரி, பெயர் வேண்டாம். நடந்ததைச் சொல்ல யார் அனுமதியும் தேவையில்லை.

எங்களிடம் இரண்டு பூனைகள். கருப்பி சாதாரண வீட்டுப் பூனை. பஞ்சு பெர்ஷியன், மூக்கு அமுங்கிய சப்பை முகம். வேலை மாறி வேறு நாட்டுக்குப் போகிறோம். நானும் மனைவியும் ஆளுக்கொரு பையில் கேபினில் எடுத்துப் போவதாகத் திட்டம். ஒரு பயணிக்கு ஒரு பைதான் என்பது பல ஏர்லைன்களின் விதி, அதனால் கணக்கும் சரியாக இருந்தது.

அந்த ஆளை எப்படி நம்பினாய் என்று வீட்டில் எல்லாரும் கேட்கிறார்கள். விளம்பரத்தைப் பார்த்து நம்பவில்லை. வந்தவர் நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். கருப்பி தானாகக் கிட்டே வந்து மோந்து பார்க்கும்வரை கையை நீட்டவில்லை. அப்புறம் டேப்பை எடுத்து, மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை, தரையிலிருந்து முழங்கை வரை, தோள் அகலம், நின்றால் காது நுனி உயரம் என்று வரிசையாக அளந்து எழுதிக்கொண்டார். பஞ்சுவைப் பார்த்ததும் முகம் மாறியது. "சார், இந்த முகத்துக்கு மூச்சுப் பாதை குறுகல். சூடும் பயமும் சேர்ந்தால் திணறிவிடும். நிறைய ஏர்லைன்ல இதை அடியில், கார்கோவுல, ஏற்றவே மாட்டாங்க. உங்க காலடியில்தான் வரணும். அதை நான் பார்த்துக்கிறேன்" என்றார். சொன்னது அத்தனையும் உண்மை. எங்கள் டாக்டரும் அதையேதான் சொன்னார். விஷயம் தெரிந்த ஆள் என்று யாருக்குத்தான் தோன்றாது? அன்றைக்கே முழுப் பணமும் போய்விட்டது. ஒரு மாதச் சம்பளம். பாதி இப்போது, பாதி அப்புறம் என்று கேட்டுப் பார்த்தேன். ஏர்லைனில் பூனை ஸ்லாட் குறைவு, முழுசாகக் கட்டினால்தான் பிடிக்க முடியும் என்றார். ஸ்லாட் குறைவு என்பதும் உண்மைதான். ஒரு விமானத்தின் கேபினில் இத்தனை பிராணிகள்தான் என்று அளவு வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு பிடிஎஃப் வந்தது. ஏர்லைன் லோகோ, எங்கள் டிக்கெட்டின் பிஎன்ஆர் எண், 'இரண்டு பூனைகள், கேபின், உறுதி' என்று கொட்டை எழுத்தில். கூடவே இரண்டு பெட்டிகளும் வந்தன, அவற்றுக்குத் தனிக் காசு. மேலே 'ஐயாட்டா அப்ரூவ்டு' என்று பளபளக்கும் ஸ்டிக்கர். இது பிறகுதான் தெரிந்தது: ஐயாட்டா என்பது ஏர்லைன்களின் சர்வதேசச் சங்கம், அது எந்தக் கம்பெனியின் பெட்டிக்கும் ஒப்புதல் முத்திரை கொடுப்பதே கிடையாது. பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்று விதிகள் மட்டும்தான் வெளியிடுகிறது. ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

ஏர்போர்ட் கவுன்டரில் இருந்த பெண் பிடிஎஃபைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி பிடிஎஃபைப் பார்த்தார். "இது நாங்க கொடுத்த பேப்பர் இல்லையே" என்றார். கேபினில் பிராணி வருவதாக இருந்தால் டிக்கெட்டிலேயே 'பிஇடிசி' என்று ஒரு குறியீடு ஏறியிருக்க வேண்டுமாம். எங்கள் இரண்டு பேர் டிக்கெட்டிலும் அப்படி ஒன்றுமே இல்லை. அன்றைய ஸ்லாட்டும் நிரம்பிவிட்டது. பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "இந்த உயரம் சீட்டுக்கு அடியில் போகவே போகாது சார்" என்றார். பஞ்சு உள்ளே வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நிலைமை சரியில்லை என்று அர்த்தம்.

ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். முதல் பதில், "சிஸ்டம் அப்டேட் ஆகியிருக்காது, கொஞ்சம் வெயிட் பண்ணுங்க". அடுத்தது, "கவுன்டர்ல இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, மேனேஜரைக் கூப்பிடுங்க". மேனேஜரும் வந்து அதையே சொன்னார். மூன்றாவது பதிலைக் கேட்டுத்தான் ரத்தம் கொதித்தது: "அப்போ இன்னிக்கு கார்கோவுல போட்டுடலாமா சார்?" பஞ்சுவையா? இதே வாய்தானே அடியில் ஏற்றவே கூடாது என்று சொன்னது!

விமானம் போய்விட்டது, நாங்கள் போகவில்லை. பூனைகளின் ஹெல்த் சர்டிஃபிகேட்டும் வீண். பல நாடுகளில் அதற்கு 10 நாள்தான் ஆயுள், திரும்ப முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "பணம் ஏர்லைன் கிட்ட இருக்கு, ரீஃபண்ட் வந்ததும் தர்றேன்" என்கிறார். ஏர்லைனிடம் எழுதிக் கேட்டேன். பூனைக் கட்டணம் என்று எங்கள் பெயரில் சல்லிக்காசு வரவில்லை என்று பதில் வந்திருக்கிறது. அதை அனுப்பினால், "நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர்ல நான்-ரீஃபண்டபிள்னு இருக்கு பாருங்க". ஏர்லைனிடம் இருக்கும் பணம் எப்படி நான்-ரீஃபண்டபிள் ஆனது என்று கேட்டதிலிருந்து போனை எடுப்பதில்லை. ஒரு மாதச் சம்பளம் சார். ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், அதற்கு இப்போது பொறுமை இல்லை. தோன்றுவதைச் சொல்கிறேன். ஏஜென்ட் தரும் பேப்பர் எதுவும் பேப்பர் இல்லை. நீங்களே ஏர்லைனுக்குப் பிஎன்ஆரைச் சொல்லி, பூனை என் டிக்கெட்டில் ஏறியிருக்கிறதா என்று கேட்டு ஈமெயிலில் பதில் வாங்குங்கள், பணம் கொடுப்பதற்கு முன்னால். பை அளவையும் அவர்களிடமே கேளுங்கள். பிராணிப் போக்குவரத்துக்காரர்களுக்கு ஐப்பாட்டா என்று ஒரு சர்வதேசச் சங்கம் இருக்கிறது. அதன் லோகோவையே மோசடிக்காரர்கள் திருடிப் போடுகிறார்கள், அதனால் லோகோவைப் பார்க்காமல் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். ஐரோப்பிய நாடுகளுக்கு என்றால் முதலில் மைக்ரோசிப், அப்புறம்தான் ரேபிஸ் ஊசி, வரிசை மாறினால் ஊசி செல்லாது. நீங்கள் கிளம்பும் நாட்டைப் பொறுத்து ரத்தப் பரிசோதனையும் அதற்குப் பிறகு 3 மாதக் காத்திருப்பும் உண்டு, ஒரே வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று ஒருவன் சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். தூக்க மாத்திரை கொடுக்கச் சொன்னாலும் அப்படியே. செக்யூரிட்டியில் பூனையை வெளியே எடுக்கச் சொல்வார்கள், ஹார்னஸ் (உடம்பில் மாட்டும் வார்) இல்லாமல் போகாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வேறொரு நம்பரிலிருந்து அவரிடமிருந்து மெசேஜ்: "சார், அடுத்த மாசம் ரெண்டு ஸ்லாட் இருக்கு. உங்களுக்காகப் பாதி ரேட்டுக்கு முடிச்சுத் தர்றேன், இன்னிக்கே கட்டணும்." ஒரு மாதச் சம்பளம் பத்தாதாம், இன்னும் அரை மாதம் வேண்டுமாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து சைபர் கிரைம் புகாரோடு சேர்த்துவிட்டேன்.