"ஏக்கருக்கு நாலு டன்" சோள விதை: செபராங் பிறையில் பயிரிடுவோர் கவனத்துக்கு

பினாங்கு மாநிலத்தின் தென் செபராங் பிறையில் தீவனச் சோளம் (மக்காச்சோளம்) போடும் நம்மவர்களிடம் ஒரு வீரிய ஒட்டு விதை விற்கப்படுகிறது. "எந்த மண்ணிலும் ஏக்கருக்கு நாலு டன்" என்பது வியாபாரியின் பேச்சு. மேட்டு நிலக்காரர்களுக்கு ஓரளவு வந்தது. தண்ணீர் தேங்கும் தாழ்நிலத்தில் பாதிக் கதிர் மணி பிடிக்காத பொக்கை. போய்க் கேட்டால் "பராமரிப்பு சரியில்லை" என்று கைவிரித்துவிட்டார்.

அவர் காட்டும் துண்டறிக்கையில் இருப்பது ஒரே இடம், ஒரே பருவம். மணியில் ஈரம் எவ்வளவு என்று எழுதவே இல்லை. 30 விழுக்காடு ஈரத்தில் 4 டன் என்றால், 14 விழுக்காட்டுக்குக் காய்ந்தபின் கையில் நிற்பது ஏறக்குறைய 3.25 டன். முக்கால் டன் வெறும் தண்ணீர்.

ஈரக் கணக்கையாவது நாமே போட்டுவிடலாம். ஒரு ரகம் இடத்துக்கு இடம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஒரே வயலை வைத்து யாராலும் சொல்ல முடியாது. எடுத்துக்காட்டுக்கு, மூன்று நிலங்களில் ஒரு ரகம் 4, 2.2, 1.3 டன் தருகிறது. இன்னொன்று 3, 2.6, 2.3 டன். துண்டறிக்கையில் முதலாவதுதான் மின்னும். சராசரியில் இரண்டாவதே மேல். கடன் வாங்கிப் பயிர் செய்பவரைக் காப்பாற்றுவதும் அதுதான். பயிர் ஆராய்ச்சியாளர்கள் எபர்ஹார்ட், ரஸ்ஸல் இருவரும் 1966-இல் தந்த கணக்கு இதைத்தான் அளக்கிறது. பல இடங்களில் போட்டுப் பார்த்து, நிலம் நன்றாக ஆக ஆக அந்த ரகம் எவ்வளவு ஏறுகிறது என்று சாய்வு காண்பார்கள். சாய்வு 1 என்றால், சோதித்த ரகங்களின் சராசரி ஏறும் அளவுக்கே அதுவும் ஏறுகிறது. அந்தக் கோட்டைவிட்டு விளைச்சல் எவ்வளவு விலகுகிறது என்பது விலகல். சராசரி உயர்ந்து, சாய்வு 1-ஐ ஒட்டி, விலகல் குறைவாக இருந்தால் நம்பலாம். சாய்வு 1-ஐ நன்றாகத் தாண்டினால் நல்ல நிலத்தில் கொட்டும், மோசமான நிலத்தில் படுத்துவிடும்.

நம் பக்கத்தில் ஒரு ரகத்தைப் படுக்கவைக்கும் காரணங்கள் தெரிந்தவையே. ஆறு இலை வரும்வரை சோளத்தின் குருத்து மண்ணுக்கடியில்தான் இருக்கும். அப்போது சில நாள் நீர் நின்றாலே செடி போய்விடும். மண்ணின் பிஎச் (புளிப்புத் தன்மையைக் காட்டும் அளவு, குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5-க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் வேரைக் கருக்கும். பூக்கும் சமயம் வறட்சி வந்தால் கதிர் நுனியில் மகரந்தத்தை வாங்கும் பட்டு இழை தாமதமாகும், அதற்குள் மகரந்தம் கொட்டித் தீர்ந்துவிடும். பொக்கைக் கதிர் இப்படித்தான் வருகிறது.

மூட்டை வாங்குமுன் இடவாரியான விளைச்சல் அட்டவணையைக் கேளுங்கள்: பல இடங்கள், குறைந்தது இரண்டு பருவங்கள், 14 விழுக்காடு ஈரத்தில், நமக்குத் தெரிந்த ஒரு ரகத்தோடு ஒப்பிட்டு. இல்லை என்றால் வாங்காதீர்கள். தொகுதி எண்ணும் சோதனைத் தேதியும் இல்லாத பையைத் தொடவே வேண்டாம். விதை சிவப்பாக இருப்பது எதற்கும் சான்றல்ல, சாயம் யாரும் பூசலாம். நூறு விதையை ஈரத்தாளில் சுருட்டி வையுங்கள். ஏழு நாளில் 85-க்குக் கீழே முளைத்தால் திருப்பிக் கொடுங்கள். வயலில் உயரமும் ஆண்பூ வரும் நாளும் செடிக்குச் செடி தாறுமாறாக இருந்தால், ஒட்டுப் பயிரின் அறுவடை மணியையே விதையாக்கி விற்றிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

முதல் பருவத்தில் முழு நிலத்தையும் ஒப்படைக்காதீர்கள். ரகத்துக்கு நான்கு வரிசை, 75-க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளி, மேட்டிலும் பள்ளத்திலும் மும்மூன்று இடங்களில் போடுங்கள். நடு இரண்டு வரிசையை மட்டும் எடை போடுங்கள். ஓர வரிசை எப்போதும் கூடுதலாகக் காட்டும். ரசீது, பை, ஒரு பிடி விதை மூன்றையும் அறுவடை முடியும்வரை பத்திரமாக வையுங்கள்.