150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிகிறது: ஒன்பது வருட டிவிடி பிளேயர் அனுபவம்

என்னிடம் டிஸ்க் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்த நண்பர், "தியேட்டரில் 150 நிமிடம் ஓடிய படம் இதில் 144 நிமிடம்தான் இருக்கிறது, எந்த சீனை வெட்டினார்கள்?" என்று கேட்டார். ஒரு ஃபிரேம்கூட வெட்டவில்லை, அது பால் (PAL) என்ற டிவி முறைக்கான டிஸ்க் என்றேன். அவர் நம்பவில்லை. அதோடு இதே மாதிரி பிளேயர் வாங்கலாமா என்றும் கேட்டார், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

பிளேயரைக் குறை சொல்ல மனசு வராது. ஒன்பது வருடத்தில் ஒரே ஒரு முறை லென்ஸ் மாற்றினேன். பாலும் சரி, இன்னொரு டிவி முறையான என்டிஎஸ்சியும் (NTSC) சரி, எதைப் போட்டாலும் ஓடும். பால் டிஸ்க்கில் 576 வரி என்பதால் 480 வரி என்டிஎஸ்சியைவிடப் படம் தெளிவு. கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளும் வழுக்கிக்கொண்டு போகும், என்டிஎஸ்சியில் ஒரு ஃபிரேமை இரண்டு ஃபீல்டு (ஒன்றுவிட்டு ஒன்றான வரிகள் மட்டும் கொண்ட அரைப் படம்), அடுத்ததை மூன்று ஃபீல்டு என்று மாற்றி மாற்றிக் காட்டுவதால் அதே காட்சி லேசாகத் திக்கும்.

ஆனால் அந்தத் திக்கல்தான் படத்தின் நேரத்தைக் காப்பாற்றுகிறது. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், பால் 25. பெரும்பாலும் ஒரு ஃபிரேமைக் கூட்டிச் சமாளிக்காமல் படத்தையே வேகமாக ஓட்டிப் பதிந்துவிடுகிறார்கள், நூறு நிமிடத்துக்கு நான்கு நிமிடம் காணாமல் போகிறது. (டிவிக்காகவே 25 ஃபிரேமில் எடுத்த தொடர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.) நேரம் போனால்கூடப் பரவாயில்லை, சத்தத்தைச் சரிசெய்யாமல் விட்டால் சுருதியும் ஏறிவிடும், அரைக் கட்டையில் பத்தில் ஏழு பங்கு. கனத்த குரல் இளைத்துப் போகும். மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு ஒன்று வரும்போதெல்லாம் யாரோ பின்னாலிருந்து தள்ளுவது மாதிரி இருக்கும், ஒன்பது வருடமாகியும் என் காது அதற்குப் பழகவே இல்லை.

பிளேயர் மெனுவில் என்டிஎஸ்சி என்று மாற்றினால் சரியாகிவிடும் என்று முதல் வருடம் முழுக்க நம்பியிருந்தேன். ஆகாது. நொடிக்கு 50 ஃபீல்டை 60 ஆக்கி, வரியைக் குறைத்து அனுப்புமே தவிர அதே 144 நிமிடம்தான் ஓடும், கூடவே அசைவுகளில் நிழல் தட்டும். வேகம் டிஸ்க்கில் பதியும்போதே ஏறிவிட்டது, பிளேயர் என்ன செய்யும்?

கடைசியில் கம்ப்யூட்டரில்தான் வழி கிடைத்தது. வேகத்தை 0.96 என்று வைத்து, சுருதியை மாறாமல் பிடித்துவைக்கும் வசதியை அணைத்துவிட்டால் படம் 150 நிமிடத்துக்குத் திரும்புகிறது, குரலும் இறங்கி வந்துவிடுகிறது. 24 ஃபிரேமுக்கென்று செய்த சப்டைட்டில் ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம் அளவுக்குப் பிந்திக்கொண்டே போனதே, அதுவும் சரியாகப் பொருந்தியது. அன்றைக்கு அந்தப் பாட்டை மூன்று தடவை கேட்டேன்.

சரி, வாங்கலாமா என்றால், வேண்டாம். உழைப்பில் இந்த பிளேயரை மிஞ்ச எதையும் நான் பார்த்ததில்லை, இருந்தாலும் 24 ஃபிரேமை அப்படியே வைத்திருக்கும் ப்ளூரே அந்தப் படத்துக்குக் கிடைக்கிறது என்றால் அதைத்தான் வாங்க வேண்டும். என்னுடையது பழுதானால் இன்னொரு தடவை லென்ஸ் மாற்ற மாட்டேன்.