கொளத்தூர் முயல் கடை: நம்பி போலாம், ஓனர் இருக்கற நேரமா பாத்து போங்க

கடை பேர் போடல, கொஞ்சம் குறையும் சொல்ல வேண்டியிருக்கு. மீன் கடைங்களுக்கு நடுவுல இருக்கு, கூண்டெல்லாம் சுத்தம், உள்ள போனா மூத்திர வாடையே அடிக்கல, அதுக்கே பாதி மார்க் குடுத்துடலாம்.

ஓனர் அண்ணனுக்கு கலர் சமாச்சாரம் அத்துப்படி. மூக்கு, காது, காலு, வாலு மட்டும் கறுப்பா இருக்கற ஹிமாலயன் குட்டிய பாத்துட்டு ஒரு அம்மா "கலர் கோழிக்குஞ்சு மாதிரி சாயம் அடிச்சதா தம்பி?"ன்னு கேட்டாங்க. அவர் சிரிச்சிட்டே, "இல்லம்மா, இதுக்கு நிறம் உண்டாக்கற என்சைம் சூட்டுல வேலை செய்யாது, உடம்புல குளிர்ச்சியா இருக்கற இடத்துல மட்டும்தான் கறுப்பு வரும், நம்ம ஊர் வெயிலுக்கு கொஞ்சம் வெளுத்தும் போகும், அப்புறம் சாயம் போச்சுன்னு என்கிட்ட சண்டைக்கு வராதீங்க"ன்னாரு.

வெள்ளையிலயும் ரெண்டு வகை வச்சிருக்காரு. செவப்பு கண்ணு அல்பினோ, நோயெல்லாம் இல்ல, மெலனின் இல்லாததால கண்ணுக்குள்ள ஓடற ரத்தம் தெரியுது, கொடைக்கானல் மன்னவனூர்ல வளக்கற ஒயிட் ஜெயன்ட்டும் செவப்பு கண்ணுதான். நீலக்கண்ணு வெள்ளை வேற ஜீன், வியன்னான்னு சொல்வாங்க, அதனால இது ரெண்டையும் ஜோடி சேத்தா வெள்ளைக்குட்டி வரும்னு நினைக்காதீங்க, பெரும்பாலும் கலர்க்குட்டிதான் பொறக்கும். நீலக்கண்ணுக்கு மட்டும் டபுள் ரேட் சொல்றது ஓவர், கண்ணு கலருக்காக அவ்ளோ குடுக்கணுமா என்ன.

குறைன்னா இதுதான், ஓனர் இல்லாதப்ப கடைப்பையன் புள்ளி முயல் ரெண்ட "சூப்பர் ஜோடி சார்"னு தலைல கட்டப் பாத்தான். புள்ளியோட புள்ளி சேந்தா சராசரியா நாலுல ஒரு குட்டிக்கு புள்ளி ஜீன் ரெண்டு பக்கமும் வந்துடும், பிரீடருங்க அத சார்லின்னு சொல்வாங்க, உடம்பு முக்காவாசி வெள்ளையா மூக்குல மீசை மாதிரி துளி கலரோட அழகா இருக்கும், ஆனா நெறைய சார்லிக்கு பெருங்குடல் வீங்கி சாணி சரியா போகாம படாதபாடு படும். புள்ளிக்கு ஒரே கலர் முயல ஜோடி போட்டா இந்த வம்பே இல்ல, பாதி புள்ளி பாதி ஒரே கலர்னு வரும். ஓனர்கிட்ட சொன்னேன், உடனே பையன கூப்ட்டு ரெண்டு கூண்டையும் தள்ளி வைக்க சொல்லிட்டாரு.

5க்கு 4. ஜிபே உண்டு, தாய் தகப்பன் முயல காட்ட சொன்னா காட்டறாங்க, பார்க்கிங் மட்டும் சுத்தமா கெடையாது.