அம்பாசடர் வயரிங்கை உரிக்க விடாதீர்கள், முதலில் எர்த் பட்டையைப் பாருங்கள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்கள் இதை முழுசாகப் படியுங்கள். நகருக்குள் இருக்கும் ஒரு பட்டறை, சில நூறு ரூபாய்க்குள் முடிய வேண்டிய வேலைக்கு 23,800 ரூபாய் வாங்கிவிட்டு, நன்றாக இருந்த வயரிங்கையும் நாசம் செய்து அனுப்பியிருக்கிறது.

வண்டி 1982 அம்பாசடர் மார்க் 4 பெட்ரோல். கிளட்ச் பிளேட் மாற்ற அங்கேதான் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றினார்கள். அடுத்த வாரமே செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றியது, சார்ஜ் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. பேட்டரி போச்சு என்று புதுசு போட்டார்கள். சரியாகவில்லை. செல்ஃப் மோட்டாருக்கு ஆர்மேச்சர் காயில் கட்டினார்கள். அப்போதும் சரியாகவில்லை. கடைசியில் "வயரிங் பூராவும் போச்சு சார்" என்று மொத்தத்தையும் உரித்துவிட்டார்கள். வண்டி வீட்டுக்கு வந்த பதினோராம் நாள் அதே கோளாறு.

காரணம் இதுதான். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் பாடிக்குப் போகிறது. இரண்டையும் சேர்ப்பது செம்புப் பின்னல் பட்டை ஒன்று, எர்த் பட்டை என்பது அதுதான். கியர்பாக்ஸை இறக்கும்போது கழற்றிய அந்தப் பட்டையைத் திரும்பப் பூட்டவே இல்லை. ஒரு முனை பாடியில், மறுமுனை அந்தரத்தில். செல்ஃபுக்கு வேண்டிய நூற்றுக்கணக்கான ஆம்பியர் திரும்பி வர வழியில்லாமல் சோக் கேபிள், ஆக்ஸிலேட்டர் கம்பி வழியாக ஓடியிருக்கிறது. நாலு தடவை செல்ஃப் அடித்துவிட்டு சோக் குமிழைத் தொட்டால் சுடுகிறது. கேபிளின் மேலுறை டேஷ்போர்டு ஓரத்தில் உருகி மினுமினுப்பாக ஒட்டியிருந்தது. சோக் கேபிள் சூடானால் வேறெதையும் தேட வேண்டாம், எர்த்தைப் பாருங்கள். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டைனமோவும் எஞ்சின் மேல்தான் இருக்கிறது என்பதால் சார்ஜும் ஒழுங்காக ஏறாது. பேட்டரி இறங்கிப்போனது அதனால்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இக்னிஷன் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் தடித்த வயரைக் கழற்றி எஞ்சினில் தொடவைத்துக் கட்டிவிடுங்கள், வண்டி ஸ்டார்ட் ஆகாது. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் மூன்று இடத்தில் அளக்க வேண்டும். இந்த வண்டியில் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு இடையே 11.4 இருந்தது. செல்ஃப் மோட்டாரின் போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் இடையே 7.3 மட்டுமே. பேட்டரி நெகட்டிவ் முனையிலிருந்து எஞ்சின் பிளாக்கின் வெறும் உலோகத்துக்கு 3.8. கடைசியாகச் சொன்னது அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கிளாம்பில் அல்லாமல் பேட்டரியின் ஈய முனையிலேயே மீட்டர் கம்பியை வையுங்கள், இல்லையென்றால் கிளாம்பில் இருக்கும் துரு கணக்கில் வராது.

முதல் எண்ணை நன்றாகக் கவனியுங்கள். செல்ஃப் மெதுவாகச் சுற்றும்போதும் பேட்டரியில் 11 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது என்றால் பேட்டரி மேல் குற்றமில்லை, கரண்ட் போகும் பாதையில்தான் குற்றம். பேட்டரி செத்திருந்தால் அந்த எண் 9-க்குக் கீழே விழும். இந்த ஒரு அளவை எடுத்திருந்தால் மூன்று செலவும் இல்லை. டைனமோவையும் அளக்காமல் காயில் கட்ட விடாதீர்கள். டைனமோவில் இருக்கும் டி, எஃப் (D, F) இரண்டு முனையின் வயரையும் கழற்றி, அந்த இரண்டு முனைகளையும் சிறு வயரால் இணைத்து, அங்கிருந்து எர்த்துக்கு மீட்டர் வைத்து எஞ்சின் வேகத்தை மெல்ல ஏற்றுங்கள். வோல்ட் ஆடாமல் சட்டென்று ஏறினால் டைனமோ நன்றாக இருக்கிறது. 20 வோல்ட்டைத் தொட விடாதீர்கள், ரேஸ் பண்ணவும் கூடாது.

பணத்தை விட மனசு வலிப்பது வயரிங்கில் செய்த வேலைக்குத்தான். இந்த வண்டிகளின் வயரிங் லூகாஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் முறை, அதில் நிறமே வரைபடம். பிரவுன் பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை சாவிக்கும் ஃபியூஸுக்கும் பிறகு வருவது, கறுப்பு எர்த். சிவப்பு பார்க்கிங்குக்கும் டெயில் லைட்டுக்கும், நீலம் ஹெட்லைட்டுக்கு. நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை பீம், சிவப்புக் கோடு டிம். இந்த நிறங்கள் இருந்தால் நாற்பது வருஷம் கழித்தும் யார் வேண்டுமானாலும் பழுது பார்க்கலாம். அவர்கள் போட்டிருப்பது முழுக்க ஒரே சிவப்பு வயர், அதுவும் வீட்டு வயரிங்குக்குப் போடும் ஒற்றைக் கம்பி. அதிர்வில் ஒற்றைக் கம்பி ஒடிந்துவிடும், வண்டிக்குப் பல இழை வயர்தான் வேண்டும். இணைப்பெல்லாம் முறுக்கி டேப் சுற்றியது. சித்திரை, வைகாசி வெயிலில் பானெட்டுக்கு அடியில் அந்த டேப்பின் பசை இளகி வழிந்துவிடும்.

ஃபியூஸ் இடத்தில் செம்பு இழையைச் சுற்றியிருந்தார்கள். இது தீப்பிடிக்கிற காரியம். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று போட்டிருப்பது அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர். அந்த இடத்தில் இப்போதைய பிளேடு ஃபியூஸைப் போடுவதானால் 35 வேண்டாம், 15 போடுங்கள்.

உரித்த பழைய ஹார்னஸை, அதாவது வயர்க்கட்டைத் திருப்பிக் கேட்டபோது எடைக்குப் போட்டாயிற்று என்றார்கள். வேலை தொடங்கும் முன்பே "கழற்றுவதெல்லாம் எனக்குத் திரும்ப வேண்டும்" என்று பில்லிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி வாங்குங்கள். "வயரிங் வேலை" என்று ஒரே வரியில் போட்ட பில்லை ஏற்காதீர்கள். எத்தனை மீட்டர் வயர், என்ன தடிமன், கூலி எவ்வளவு என்று தனித்தனியாக வேண்டும். இந்த விஷயத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் சேவைக் குறைபாடு என்று மனு போகிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். பட்டை தொங்குவதையும் மீட்டரில் 3.8 தெரிவதையும் அதைத் திரும்பப் பூட்டுவதற்கு முன்பே படம் எடுத்து வைத்தாயிற்று.