சிரியஸ் ‘வந்தாரா’, ‘வந்தானா’? ஒன்பது வருட ஃபேன் காஸ்ட் அனுபவம்

ஒன்பது வருடமாக ஹாரி பாட்டர் உலகத்தை வைத்துத் தமிழில் ஃபேன்ஃபிக், அதாவது ரசிகர் கதை, எழுதுகிறேன். ஹாரியின் கதையை அல்ல, அவனுடைய அப்பா அம்மா தலைமுறையின் கதையை. ஹாரியின் பெற்றோர் ஜேம்ஸ், லில்லி; ஜேம்ஸின் நண்பர்கள் சிரியஸ், ரீமஸ், பீட்டர்; பின்னாளில் ஹாரியின் ஆசிரியராகும் ஸ்னேப். இந்த ஆறு பேர் எனக்குப் போதும். எழுத உட்காரும் முன் ஒவ்வொருவருக்கும் ஒரு நடிகரை மனதுக்குள் ஒதுக்கிவிடுவது என் பழக்கம். ஃபேன் காஸ்ட் என்று ரசிகர்கள் சொல்வது இதைத்தான். சின்னதும் பெரிதுமாக இருபது கதைகளுக்கு மேல் இப்படி எழுதியாகிவிட்டது. இந்தப் பழக்கம் எங்கே கைகொடுத்தது, எங்கே காலை வாரியது என்று இப்போது நிதானமாகச் சொல்ல முடியும்.

முதல் கதையை மட்டும் ஃபேன் காஸ்ட் இல்லாமல் எழுதினேன். படங்களில் பார்த்த முகங்களே தலைக்குள் இருந்தன. காலம் 1981 அக்டோபர். கொடிய மந்திரவாதி வால்டமோர்ட் தேடுகிறான் என்று தெரிந்து ஜேம்ஸும் லில்லியும் கைக்குழந்தையோடு ஒளிந்திருக்கிறார்கள். வீடு இருக்கும் இடத்தின் ரகசியத்தைக் காக்கும் பொறுப்பு எனக்கு வேண்டாம், பீட்டரிடம் கொடுத்துவிடு என்று சொல்ல சிரியஸ் வருகிறான். நான் எழுதியது இது:

“சிரியஸ் கதவருகே வந்து நின்றார். ‘நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள், ஜேம்ஸ்’ என்றார்.”

இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பதினொரு வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்த இரண்டு பேர் இப்படியா பேசுவார்கள்? ஏதோ இரண்டு அதிகாரிகள் கோப்பைப் பார்த்துப் பேசுவது போல இருந்தது. நாலைந்து தடவை திருத்தியும் சரிவரவில்லை. என் கண்முன் நின்றது படத்தில் சிரியஸாக வந்த கேரி ஓல்ட்மேன். 2004-இல் மூன்றாவது படம் வந்தபோது அவருக்கு 46 வயது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே ‘வந்தான், நின்றான்’ என்று எழுதக் கை வரவில்லை.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இது இவ்வளவு முன்னால் வந்து நிற்காது. ஆள் 21 என்றாலும் 46 என்றாலும் அவர்களுக்கு ஒரே சொல்தான். நமக்கு வினைமுற்றிலேயே வயது ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதல் வாக்கியம் முடிவதற்குள் அந்த ஆள் யார், என்ன வயது, எனக்கு அவர் மேல் எவ்வளவு உரிமை என்று முடிவு செய்தாக வேண்டும்.

சரி, உண்மையான வயதுதான் என்ன என்று புத்தகங்களைத் திரும்ப எடுத்தேன். ஏழாவது புத்தகத்தில் ஹாரி தன் பெற்றோரின் கல்லறைக்குப் போகிறான். கல்லில் தேதிகள் பொறித்திருக்கின்றன. ஜேம்ஸ் பிறந்தது 1960 மார்ச் 27. லில்லி 1960 ஜனவரி 30. இருவரும் இறந்தது 1981 அக்டோபர் 31. கணக்குப் போட்டால் ஆளுக்கு 21 வயது. சிரியஸ், ரீமஸ், ஸ்னேப் எல்லாரும் இவர்களோடு படித்தவர்கள். அந்தப் புத்தகம் வந்தது 2007-இல். முதல் படம் 2001-இலேயே வந்துவிட்டது. படத்தில் ஜேம்ஸாக வந்த ஏட்ரியன் ராலின்ஸுக்கு அப்போது 43 வயது. ஸ்னேப்பாக வந்த ஆலன் ரிக்மேனுக்கு 55. கதைப்படி முதல் பாகம் தொடங்கும் 1991-இல் ஸ்னேப்புக்கு 31 வயதுதான். நடிகர்களைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ரிக்மேனின் குரல் இல்லாமல் இன்றும் என்னால் ஸ்னேப்பை நினைக்க முடிவதில்லை. ஆனால் வயது மாறும்போது கதையின் எடையே மாறிவிடுகிறது. மனதின் ஆசையைக் காட்டும் கண்ணாடி முன் ஹாரி நிற்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். படத்தில் அவன் தோளுக்குப் பின்னால் நடுத்தர வயதில் ஓர் அப்பா, அம்மா. புத்தகத்தின் கணக்குப்படி அந்தக் கண்ணாடிக்குள் நிற்பவர்கள் அவனைவிடப் பத்தே வயது மூத்தவர்கள். இதை உணர்ந்த அன்று வெகுநேரம் என்னால் வேறு எதுவும் எழுத முடியவில்லை.

அப்புறம்தான் ஃபேன் காஸ்டுக்கு வந்தேன். இந்தத் தலைமுறைக்கு ரசிகர்களிடையே வெகுநாளாகப் புழங்கும் ஒரு தேர்வு உண்டு. சிரியஸுக்கு பென் பார்ன்ஸ், ரீமஸுக்கு ஆண்ட்ரூ கார்ஃபீல்டு, ஜேம்ஸுக்கு ஆரன் டெய்லர் ஜான்சன், லில்லிக்கு கேரன் கில்லன். நானும் அதையே எடுத்துக்கொண்டேன். ஸ்னேப்புக்கு மட்டும் நானாக ஆடம் டிரைவரை வைத்தேன். ஒவ்வொருவரும் இளமையில் எடுத்த படம் ஒன்றை அட்டையில் ஒட்டி, மேசைக்கு எதிரே சாய்த்து வைத்துவிட்டு அதே காட்சியை மறுபடி எழுதினேன்.

“சிரியஸ் நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே உள்ளே வந்தான். ‘டேய், நான் சொல்றதக் கேளு. பீட்டர வச்சுக்கலாம்.’ ஜேம்ஸ் தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தவில்லை. ‘மெதுவாப் பேசு. இப்பதான் தூங்கினான்.’”

இந்த நாலு வரி வந்த வேகத்தை இன்னும் மறக்கவில்லை. ‘டேய்’ என்ற ஒரே சொல் மற்றதையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்தது. பீட்டர் காட்டிக்கொடுக்கப்போகிறான், எடுப்பது தவறான முடிவு என்பது நமக்குத் தெரியும். 21 வயதில், நண்பன் மேல் உள்ள பாசத்தில், நாம் ரொம்ப சாமர்த்தியமாக யோசிக்கிறோம் என்ற நம்பிக்கையில் எடுத்த முடிவு அது. 46 வயதுக்காரர் எடுத்தால் அதை மடத்தனம் என்போம். இருபத்தொரு வயதுப் பையன் எடுக்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

அன்றிலிருந்து ஒவ்வொரு அட்டையிலும் படத்துக்குக் கீழே இன்னொன்றும் எழுதத் தொடங்கினேன். யார் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்ற கணக்கு. சிரியஸும் ஜேம்ஸும் ‘வாடா போடா’. ரீமஸ் யாரையும் ‘டா’ போட மாட்டான். ‘நீ’யோடு நிறுத்திக்கொள்வான், அவ்வளவு சேர்ந்து திரிந்தாலும் அவனுக்குள் ஒரு தயக்கம் உண்டு. பீட்டர் எல்லோரையும் ‘டா’ போடப் பார்ப்பான், சிரியஸிடம் வரும்போது மட்டும் பெயரோடு நின்றுவிடும். லில்லி ஜேம்ஸைப் பள்ளியில் ‘பாட்டர்’ என்றாள், கடைசி வருடத்தில் ‘ஜேம்ஸ்’, அப்புறம் ‘போடா’. ஸ்னேப் லில்லியை என்றைக்கும் ‘நீ’. கடினமாக இருந்தது பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோர். 1993-இல் ரீமஸ் ஆசிரியராகத் திரும்பி வரும்போது அவனுக்கு 33 வயது. பழைய மாணவன், இப்போது உடன் வேலை செய்பவன். டம்பிள்டோர் அவனை ஆசிரியர் அறையில் ‘நீங்கள்’ என்றும், கதவைச் சாத்திக்கொண்டு தனியே பேசும்போது ‘நீ’ என்றும் வைத்தேன். அந்த மாற்றம் நடக்கும் இடத்தில் ரீமஸின் தோள் லேசாகத் தளர்வதாக ஒரு வரி. நான் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த வரிகளில் அதுவும் ஒன்று.

ஃபேன் காஸ்டால் கிடைத்த பெரிய நன்மை இந்த வயதுதான் என்பேன். இன்னொன்று, மூலத்தை ஊன்றிப் படிக்க வைக்கும். ரீமஸ் லூபின் முதன்முதலாக ரயிலில் தோன்றும் இடத்தில், பார்க்க இளைஞனாகத் தெரிந்தாலும் முடியில் நரை ஓடியிருந்தது என்றுதான் புத்தகம் சொல்கிறது. எத்தனையோ முறை படித்தும் அந்த ‘இளைஞன்’ என் கண்ணில் படவில்லை. நடிகர் தேட ஆரம்பித்த பிறகுதான் பட்டது.

இனி குறைகள். இதில் நான் நிறையப் பட்டிருக்கிறேன்.

மூன்றாவது வருடம் நாற்பது பக்கத்தில் ஒரு குறுநாவல் எழுதினேன். படித்த ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “சிரியஸ் பார்ப்பதற்கு எப்படி இருப்பான்?” திரும்பிப் பார்த்தால் நாற்பது பக்கத்தில் அவன் முகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. என் கண்ணுக்குள் பென் பார்ன்ஸ் இருந்ததால் எழுதிவிட்டதாகவே நினைத்திருந்தேன். வாசகருக்கு அந்த நடிகரையே தெரியாது. என் அட்டை என் மேசையில் இருக்கிறது. அவர் கையில் இருப்பது எழுத்து மட்டும். இது சின்னக் குறை இல்லை. முகத்தை இரவல் வாங்கும்போது வர்ணிக்கும் உழைப்பைக் கை தானாக விட்டுவிடுகிறது.

அடுத்தது பாவனைகள். அதே குறுநாவலில் ‘உதட்டை ஒரு பக்கமாகச் சுழித்துச் சிரித்தான்’ பதினேழு இடத்தில் வந்திருந்தது. அது சிரியஸின் சிரிப்பே இல்லை, அந்த நடிகருடைய சிரிப்பு. வேறு வேடங்களில் பார்த்த நடை, பேச்சு, கோபம் எல்லாம் கூடவே வந்து ஏறிக்கொள்ளும். புத்தகத்துச் சிரியஸ் குரைப்பது போலச் சிரிப்பவன். அதை நான் இழந்தே விட்டிருந்தேன்.

ஒரு தோழியோடு சேர்ந்து மாற்றி மாற்றி அத்தியாயம் எழுதியபோது மட்டும் ஃபேன் காஸ்ட் முழுக்க முழுக்க உதவியது. அவளுடைய ரீமஸ் சண்டைக்காரன், என்னுடையவன் ஒதுங்கிப் போகிறவன். ஒரே நடிகரை முடிவு செய்து, அவர் நடித்த ஒரே ஒரு காட்சியை இருவரும் பார்த்துவிட்டு எழுதினோம். மூன்று அத்தியாயத்துக்குள் இரண்டு ரீமஸும் ஒருவனாகிவிட்டார்கள். கூட்டாக எழுதுபவர்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்.

நீண்ட காலம் பயன்படுத்தினால் மட்டுமே தெரியும் விஷயம் ஒன்று உண்டு. கதாபாத்திரங்கள் 21-இலேயே நிற்கிறார்கள், நடிகர்கள் நிற்பதில்லை. பென் பார்ன்ஸ் பிறந்தது 1981 ஆகஸ்டில். ஜேம்ஸும் லில்லியும் இறந்த அதே வருடம். 2027 ஆகஸ்டில் அவருக்கும் 46 ஆகிவிடும். ஓல்ட்மேனிடமிருந்து தப்பிக்க நான் பிடித்துக்கொண்ட முகம், ஓல்ட்மேனின் வயதுக்கே வந்து நிற்கப்போகிறது. அவருடைய புதுப் படங்களைப் பார்த்த பிறகு எழுத உட்கார்ந்தால் ‘அவர்’ மறுபடி எட்டிப் பார்க்கிறது. பழைய படத்தை மட்டும் பார்த்துச் சமாளிக்கலாம், ஆனால் வருடா வருடம் சிரமம் கூடுகிறது.

கதைகளை ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்தில் வைத்திருக்கிறேன். 2009-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது, விளம்பரம் கிடையாது, லாப நோக்கமற்ற அமைப்பு நடத்துகிறது, 2019-இல் ஹியூகோ விருதும் வாங்கியது. குறிச்சொல் வசதி அருமை. முன்பெல்லாம் கதைக்கு மேலே குறிப்பில் நடிகர் பட்டியல் போட்டு வைப்பேன். இப்போது எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். படிப்பவர் தன் முகத்தோடு வரட்டும்.

எனக்கு வருத்தம் தரும் விஷயம், ஃபேன் காஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு நிஜ நடிகர்கள் மேல் பாய்வது. பெர்சி ஜாக்சன் தொடரில் ஆனபெத் வேடத்துக்கு லியா ஜெஃப்ரிஸைத் தேர்ந்தெடுத்தபோது அந்தச் சிறுமியை என்னவெல்லாம் பேசினார்கள். 2022-இல் கதாசிரியரே முன்வந்து அவளுக்காக எழுத வேண்டியதாயிற்று. மனதுக்குள் நாம் வரைந்த முகம் நம் எழுத்துக்கு உதவத்தான், இன்னொருவர் வயிற்றெரிச்சலுக்கு அல்ல. ஹாரி பாட்டர் புதுத் தொடரில் ஸ்னேப்பாக பாப்பா எசியேடுவை 2025 ஏப்ரலில் அறிவித்தபோது நான் முதலில் பார்த்தது வயதைத்தான். 34. கதையின் ஸ்னேப்புக்கு எவ்வளவு பக்கத்தில்! சந்தோஷமாக இருந்தது. ஆடம் டிரைவர் அட்டையை அன்றே எடுத்து வைத்துவிட்டேன்.

இப்போது முதல் வரைவு வரைக்கும்தான் முகங்கள் எனக்குத் துணை. வரைவு முடிந்ததும் படத்தை உரித்துவிடுவேன். இரண்டாவது தடவை எழுதும்போது அட்டையில் சொற்கள் மட்டும். சிரியஸின் அட்டையில் இன்றைக்கு இருப்பது இவ்வளவுதான்: வயது 21. சாம்பல் கண். குரைப்பது போன்ற சிரிப்பு. ஜேம்ஸை ‘டேய்’. ரீமஸை, அவன்தான் உளவாளியோ என்று சந்தேகம் வந்த அந்த வருடத்திலிருந்து, பெயர் சொல்லி மட்டும்.