டொயோட்டா அக்வா: பெற்றோலில் மிஞ்சும் காசு பற்றறியில் போகாமல் இருக்க

அக்வா, பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார். அதன் முதல் தலைமுறை 2011 டிசம்பரில் ஜப்பானில் வந்தபோது, அந்நாட்டு ஜேசி08 சோதனைக் கணக்கில் லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர் என்றார்கள். இலங்கை வீதிகளில் அதை எதிர்பார்த்து வாங்கக்கூடாது. ஏ9 வீதியில் 60–70 வேகத்தில் சீராக ஓடினால் 23–25 வரும். காலி வீதி நெரிசலில் ஏசியோடு 18–20. பள்ளிக்கூடம், சந்தை என்று இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓட்டங்கள் மட்டும் என்றால் 15ஐத் தொடுவதே சிரமம். குளிர்ந்த எஞ்சின், சூடேறும்வரை நிற்காமல் ஓடியே தீரும்.

திரையில் காட்டும் எண் பெரும்பாலும் சற்றுக் கூடத்தான் இருக்கும். ராங்கை நிரப்பி, ட்ரிப் மீற்றரைச் சுழியாக்கி, அடுத்த முறை அதே பம்பில் முதல் வெட்டு விழும்வரை அடித்து வகுத்துப் பாருங்கள்.

மாதம் 1,000 கிலோமீற்றர், லீற்றருக்கு 21 என்றால் ஏறக்குறைய 48 லீற்றர். லீற்றருக்கு 12 ஓடும் சாதாரண 1,500 சிசி காருக்கு 83. மாதம் 35 லீற்றர் மிச்சம். ஹைபிரிட் பற்றறியின் விலையை இந்த 35 லீற்றரின் காசால் வகுங்கள். அத்தனை மாதமாவது அது உழைக்கவேண்டும். மாதம் 300 கிலோமீற்றர் மட்டும் ஓடுபவருக்கு ஹைபிரிட் வேண்டாம் என்றே சொல்வோம்.

பற்றறியைக் கொல்வது பெரும்பாலும் சூடு. பின் இருக்கைக்குக் கீழே 7.2 வோல்ற் மொடியூல்கள் (மின்கலத் தொகுதிகள்) 20, வரிசையாக, மொத்தம் 144 வோல்ற். அவற்றுக்குக் காற்று, இருக்கையின் அடியிலுள்ள துவாரத்தால் போகிறது. அதன்மேல் பையை வைத்தாலோ காலடித் துணியை இழுத்துவிட்டாலோ மூச்சு அடைபடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை துவாரத்தை வக்கியூம் பிடியுங்கள். உள்ளே விசிறியின் இதழ்களில் தூசியும் முடியும் கம்பளிபோலப் படிந்திருக்கும். அதைக் கழற்றுவது தெரிந்த தொழில்நுட்பவியலாளரின் வேலை. பற்றறியின் மின்னைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கை இழுத்து, பத்து நிமிடம் விட்டு, மின்காப்புக் கையுறை போட்டுத்தான் உயர் மின்னழுத்தம் ஓடும் செம்மஞ்சள் வயர்ப்பக்கம் கைவைக்கவேண்டும். அப்போதே மொடியூல்களை இணைக்கும் செப்புத் தகடுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்யவேண்டும்.

ஹைபிரிட் பற்றறி பழுது என்று காட்டும் பீ0ஏ80 (P0A80) கோட் விழுந்ததும் "ஒரு செல் மாற்றினால் போதும்" என்பார்கள். நம்பாதீர்கள். பழையவற்றின் நடுவே புதிய மொடியூல் ஒன்றைச் செருகினால் கொள்ளளவு ஒத்துவராது. சில மாதத்தில் அடுத்தது விழும்.

மற்றச் செலவு குறைவு. வெளி பெல்ற் இல்லை, ஸ்ராட்டர் இல்லை, அல்ற்றனேற்றர் இல்லை. 0டபிள்யூ-20 ஒயிலை மட்டும் தவணை தவறாமல் மாற்றுங்கள். பிரேக் பாட் தேய்வது மெதுவாக என்பதால் யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. அதனால் பாட்டை அழுத்தும் கலிப்பரின் ஊசி (pin) இறுகி ஒரு பக்கம் இழுக்கும். சிக்னலில் கியரை "என்" (நியூட்ரல்) இல் போடும் பழக்கத்தையும் விடுங்கள், அதில் பற்றறி சார்ஜ் ஆகாது.

பழைய வண்டி வாங்கப் போனால், ஏசியைப் போட்டு நிறுத்தி வைத்துப் திரையில் பற்றறியின் அளவைக் காட்டும் கோடுகளைக் கவனியுங்கள். மளமளவென்று இறங்கி, எஞ்சின் எழும்பியதும் அதே வேகத்தில் நிரம்பினால், புதுப் பற்றறியின் விலையைக் கழித்துவிட்டே பேரம் பேசுங்கள்.