மண் ஈரமானி: இலை கருகுவதற்குக் காரணம் சொல்லுமா?

பேட்டரி தேவையில்லை. இரண்டு வேறு உலோகக் கம்பிகளுக்கு இடையே ஈரமண் உண்டாக்கும் சிறு மின்னோட்டத்தைத்தான் முள் காட்டுகிறது. அளவு 1 (காய்ந்தது) முதல் 10 (நனைந்தது) வரை. தொட்டியின் முக்கால் ஆழத்துக்குச் செருகி ஒரு நிமிடம் பொறுங்கள். மேலே காய்ந்து அடியில் சொதசொதவென்று கிடக்கும் மண்ணை நன்றாகவே காட்டிக்கொடுக்கிறது. பீஸ் லில்லி இலை மஞ்சளாகி, மெத்தென்ற பழுப்புத் திட்டு விழுந்து, முள்ளும் நாள்கணக்கில் 8-லேயே நின்றால் வேர் அழுகலாக இருக்கலாம். செடியைக் கவிழ்த்து, கறுத்துக் கொழகொழத்த வேரை வெட்டிவிட்டுப் புதுக் கலவையில் நடுங்கள்.

உப்பு விஷயத்தில்தான் கருவி ஏமாற்றும். போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் ஸ்பைடர் பிளான்ட், டிரசீனா இலைகளின் நுனி மட்டும் மொறுமொறுவெனக் கருகும். உப்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், பாதி காய்ந்த மண்ணையும் முள் 'ஈரம்' என்றே சொல்லும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு இருந்தால் முள்ளை நம்பாமல் விரலை விட்டுப் பாருங்கள். பிறகு தொட்டிக் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு மழைநீரை மெதுவாக ஊற்றி, அடியில் வழியவிடுங்கள். ஆர்.ஓ. கழிவுநீர் மட்டும் வேண்டாம், உப்பெல்லாம் அதில்தான் சேர்கிறது. கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது. புது இலையைப் பார்த்தே குணமானதா என்று முடிவு செய்யுங்கள்.

பி.எச். (மண்ணின் அமில, காரத் தன்மை) காட்டும் மாடலுக்குக் கூடுதல் காசு வீண். கம்பியை மண்ணிலேயே விட்டுவைத்தால் அரித்துவிடும், துடைத்து வையுங்கள்.